இரும்புச் சத்து மாத்திரை

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒன்பது மணிக்கு வந்திருக்க வேண்டும். ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு மணி நேரம், நின்று நின்று வருகிற பஸ் என்றால் ஒன்றேகால், டவுன் ஆர்ச் பக்கம் நெரிசலில் மாட்டினால் இன்னும் பத்து நிமிஷம் என்று ஹெப்சிபா யோசித்துப் பார்த்தாள். எப்படி யோசித்தாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். முந்தின தடவைகளில் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து, மூன்று மாடி ஏறி, ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டிய இந்தச் சின்ன அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தவர். செருப்பைக் கழற்ற வேண்டாம் அண்ணாச்சி என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சரி சிஸ்டர் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அடுத்த தடவையும் கழற்றினார். அவள் சிஸ்டரும் இல்லை. நுண்ணுயிரியல் படித்தவள். புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சியில் ஆட்களைச் சேர்ப்பது, அவர்கள் கையெழுத்து வாங்குவது, மாத்திரையை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்குவது, அவர்கள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வது, இதுதான் அவள் வேலை. சொல்வதையெல்லாம். அந்த வார்த்தையில் வந்து மனசு இடறியது, அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காவலாளியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி ஒன்று கேட்டைத் தாண்டி வந்தது. அவர் நடை இல்லை. அவருடைய நடையில் ஒரு பக்கம் சாய்வு உண்டு. முப்பது வருஷமாக அண்டா தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டுச் சமையல்காரர். நானூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, தான் ஒரு ஓரமாய் உட்கார்ந்து மோர்ச் சோறு தின்கிறவர். புளிக்குழம்பை ருசி பார்க்க ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினால்கூட நெஞ்சுக்குழியில் கங்கு வைத்த மாதிரி எரியும் என்று சொல்லித்தான் போன தை மாதம் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழாய் விட்டுப் பார்த்ததில் சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண். அப்படிப் புண் உள்ளவர்கள் அறுபது பேரை டாக்டர் பாக்கியநாதன் சேர்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கிற அமில மாத்திரை, பாதிப் பேருக்குப் புது மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கொடுக்கிற ஹெப்சிபாவுக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்து மறுபடி குழாய் விட்டு, புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எட்டாவது வாரம் இன்றைக்கு. அறுபது பேரில் அவர்தான் கடைசி.

போனை எடுத்து மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இது நான்காவது தடவை. பஸ்ஸில் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எதற்கு இவ்வளவு யோசனை, வராமல் போகிறவர்கள் எத்தனை பேர், போன வாரம் ஒருத்தர் மாமியார் கருமாதி என்று வரவில்லை, அதற்கு முன்னால் ஒருத்தர் குழாய் விடப் பயந்து பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிப் போய்விட்டார். அப்போதெல்லாம் அவள் இப்படி ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் அலையவில்லை. காலையில் குடித்த காபி தொண்டை வரை வந்துவிட்டுப் போனது. நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அல்சர்காரர்களோடு இருந்து இருந்து உனக்கும் வந்திரும் பாரு என்று கூட வேலை செய்தவள் ஒருத்தி சொல்வாள். அப்படியெல்லாம் ஒட்டிக்கொள்ளாது என்று ஹெப்சிபா சிரிப்பாள். புண்ணை உண்டாக்குவது ஒட்டிக்கொள்கிற கிருமிதான், ஆனால் பெரும்பாலும் சின்ன வயசிலேயே, வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, ஒரே தட்டு ஒரே டம்ளர் ஒரே தண்ணீர் என்று. அப்படியென்றால் அவளுக்குள்ளும் இருக்கலாம். அப்பாவோடு ஒரே டம்ளரில் பால் குடித்திருக்கிறாள். அப்பாவுக்குப் பால்தான். தூத்துக்குடி பஸ் ஓட்டுகிறவர், பிளாஸ்கில் பால் கொண்டுபோவார், இரண்டு நடைக்கு நடுவில் குடிப்பார், மிச்சத்தை வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு ஊற்றுவார். பால் குடித்தால் புண் ஆறும் என்று அந்தக் காலத்து டாக்டர் சொல்லியிருந்தார். காரம் தொடக்கூடாது, கோபப்படக்கூடாது, கவலைப்படக்கூடாது. கோபக்காரனுக்குத்தான் இந்த வியாதி வரும் என்று உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து அப்பா முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அப்பாவும் அதை நம்பினார். கோபத்தை விட்டார். பஸ்ஸை மறித்துக்கொண்டு மாட்டுவண்டி நின்றால்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருப்பாராம், கண்டக்டர் வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வீட்டில் தம்பி பரீட்சையில் தோற்றுப் போய் வந்த அன்றைக்கு, அப்பா எழுந்து கொல்லைக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, சாப்பிடுடா என்றார். அவ்வளவு அடக்கியும் புண் ஆறவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்து வயிற்றுக்குப் போகிற நரம்பை வெட்டினார்கள். அதற்குப் பிறகு நாலு வாய் சாப்பிட்டால் வேர்த்துக்கொட்டும், படுத்துக்கொள்வார். செத்துப்போகிற வரை அப்படித்தான். பல வருஷம் கழித்து கல்லூரியில் ஒரு மத்தியானம், வகுப்பைப் பாதி இருட்டாக்கி, திரையில் சுருள் சுருளாய் ஒரு கிருமியின் படத்தைக் காட்டினார்கள். வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தால் போய்விடும் என்று புரொபசர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். ஹெப்சிபா நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை. கவலை இல்லை. ஒரு கிருமி. அப்பா இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது எதற்காக என்று அந்த வகுப்பில் யாரிடம் கேட்பது.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாமா. இல்லை, அது பெரிய வார்த்தை. அன்றைக்குப் பசி. மணி இரண்டாகிவிட்டது, அவள் சாப்பிடவில்லை. மருந்துக் கம்பெனியிலிருந்து சோதனை பார்க்க ஒரு அம்மா வந்து காலையிலிருந்து எல்லாக் காகிதத்தையும் புரட்டிக்கொண்டிருந்தாள், தேதி மேலே தேதி எழுதியிருக்கிறதே, இங்கே கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதே என்று. டாக்டர் சென்னைக்கு ரயில் பிடிக்கப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு நாலாவது வார விசிட். எடை பார்த்து, நாடி பார்த்து, மாத்திரையை எண்ணி வாங்கி, புது டப்பா கொடுத்து, எல்லாம் முடிந்தது. வலி எப்படி என்று கேட்டதற்குப் பாதிக்கு மேல் குறைஞ்சிட்டு என்றார். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். அவர் எழுந்து கதவு வரை போய், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

“நாலஞ்சு நாளா வெளிக்குப் போறது கருப்பா போகுது சிஸ்டர்.”

இதுவரை சந்தேகமில்லை. அவர் சொன்னார், அவள் கேட்டாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதில்தான் அவள் மனசு நாலு வாரமாக இடறி இடறி விழுகிறது. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள், ஆமாம் என்றார், என்ன மாத்திரை என்று கேட்டாள், சத்து மாத்திரை என்றார். இப்படி நடந்திருந்தால் தப்பே இல்லை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அப்படித்தான் நடந்ததா. சத்து என்ற வார்த்தை அவர் குரலில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் அது அவள் குரலில்தான் கேட்கிறது. இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா அண்ணாச்சி? மாத்திரை சாப்பிடுதேன் சிஸ்டர். மாத்திரை சாப்பிடுதேன் என்றால் எந்த மாத்திரை. அதைக் கேட்கவில்லை. தார் மாதிரி ஒட்டுகிறதா, நாற்றம் அடிக்கிறதா, தலை சுற்றுகிறதா, கேட்க வேண்டிய கேள்விகள் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கின்றன, அவளே ஒட்டியது. ஒன்றையும் கேட்கவில்லை. அது இரும்புச் சத்து மாத்திரையால்தான் இருக்கும், பயப்படாதீங்க என்றாள். நீங்க சொன்னா சரிதான் என்று அவர் படியிறங்கிப் போனார். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் கருப்பாகப் போகும். அப்படி யாராவது சொன்னால் அந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஒரு நாளைக்குள் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கும் எழுத்தில் போக வேண்டும். டாக்டர் அப்போது லிப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பத்து எட்டு நடந்தால் அவர். ஹெப்சிபா கம்ப்யூட்டரில் ஆவுடையப்பன் பக்கத்தைத் திறந்து, கூடவே சாப்பிடும் வேறு மருந்துகள் என்ற இடத்தில், இரும்புச் சத்து மாத்திரை என்று அடித்தாள். இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவள் எப்போதும் கடைசியாக நினைப்பாள், நினைத்தவுடன் வேறு எதற்காவது தாவுவாள். அவர் மாத்திரை சாப்பிடுதேன் என்று சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவள் விரல் அடிக்க ஆரம்பித்திருந்தது.

எண்டோஸ்கோபி அறையிலிருந்து நர்ஸ் லூர்து எட்டிப் பார்த்து, உன் ஆள் வந்தாச்சா, நான் அடுத்த ஆளை உள்ளே விடட்டுமா என்று கேட்டாள். விடுங்கக்கா என்றாள் ஹெப்சிபா. குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். பத்தே கால். ஒரு வயசான அம்மாவைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள், கதவு மூடியது, அந்தக் கசப்பான மருந்து வாடை கொஞ்சம் வெளியே வந்து நின்றது. மறுநாளே சொல்லியிருக்கலாம். மறுநாள் டாக்டர் ஊரில் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ரயிலில் வந்து இறங்கி மீட்டிங்கில் இருப்பவரிடம், கதவோரத்தில் ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது. மூன்றாம் நாள் டாக்டர் வந்ததும் சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகக் கனமாகிக்கொண்டே போனது. அதோடு ஒன்றும் ஆகவும் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் அண்ணாச்சி போன் பண்ணியிருப்பார். பண்ணுவாரா. பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பிய மனுஷன். பன்னிரண்டு பக்கச் சம்மதப் பத்திரத்தை அவள் வாசித்துக் காட்டியபோது, என்னென்ன கெடுதல் வரலாம் என்கிற பக்கத்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டவர். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது எனக்கா சிஸ்டர், பெறவு வாறவங்களுக்கா. ரெண்டு பேருக்கும்தான் அண்ணாச்சி என்றாள். அப்ப சரி என்று, தகப்பனார் பெயரும் சேர்த்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும். பத்துக் கேள்வி கேட்கிறவர்கள் எவ்வளவோ நல்லவர்கள், அவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

பசி, களைப்பு, சோதனைக்கார அம்மா. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவற்றுக்கு அடியில் வேறொன்று கிடந்தது. மருந்து நல்ல மருந்தாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். வலி பாதிக்கு மேல் குறைஞ்சிட்டு என்ற ஒரு வாக்கியம் போதும், அதற்குப் பின்னால் வந்த வாக்கியம் வேண்டியதில்லை என்று அவளுக்குள் ஏதோ ஒன்று தீர்மானித்துவிட்டது. அவர் சாப்பிடுவது புது மாத்திரையா பழைய மாத்திரையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும், ஆசைப்படுகிறவர்கள் கண் தப்பாகப் பார்க்கும் என்பதற்காகத்தானே. அப்படியும் பார்த்துவிட்டது. கண்கூட இல்லை, காது. ஹெப்சிபா நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவருடைய எண், நாலாவது வாரம், வேறு மருந்துகள். அவள் அடித்த மூன்று சொற்கள் அப்படியே இருந்தன. இப்போதுகூட அழிக்கலாம். அழித்துவிட்டு, நோயாளி கருப்பாகப் போவதாகச் சொன்னார் என்று எழுதலாம். ஆனால் இன்றைய தேதியும் நேரமும் அவள் பெயரும் தானாகப் பக்கத்தில் விழும், முந்தி என்ன இருந்தது என்பதும் அழியாமல் அடியில் கிடக்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் வந்துவிட்டால் எழுத வேண்டியதே இல்லை. இதோ படியேறி வந்து செருப்பைக் கழற்றினாரென்றால், குழாய் விட்டுப் பார்த்து, புண் ஆறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாரென்றால், அந்த மூன்று சொற்களும் உண்மையாகிவிடும். வரட்டும். பதினொன்று வரை பார்க்கலாம். பதினொன்றுக்கு வந்துவிடுவார். அவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனே, இது அவருக்காகவா எனக்காகவா என்ற கேள்வி வந்தபோது அவள் கை மவுசிலிருந்து விலகியது. சம்மதப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு நம்பர் இருக்கிறது. அவசரத்துக்கு அழைக்க, மனைவி, கோமு. காலையிலிருந்து அவள் அந்த நம்பருக்கு அடிக்கவில்லை. மறந்து போகவில்லை. அதில் அடித்தால் இது அவசரம் என்று ஆகிவிடும்.

பத்து நாற்பதுக்கு அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். எப்போது எழுந்தாள் என்பது பிற்பாடு அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இடையில் வராந்தாவின் ஒரு திருப்பம், ஒரு தண்ணீர் கேன், டோக்கன் எண் ஒளிர்கிற பெட்டி, கூட்டம், இவ்வளவுதான். டாக்டர் பாக்கியநாதன் ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர், அறுபதை நெருங்குகிறவர், கோபித்து யாரும் பார்த்ததில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். ஆவுடையப்பன் வரவில்லை என்று தொடங்கி, நாலாவது வாரம் அவர் சொன்னதையும் தான் எழுதியதையும் சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல நினைத்தது நீண்டுகொண்டே போனது, சோதனைக்கார அம்மா, லிப்டு, பசி எல்லாம் வந்தன, அவளுக்கே அருவருப்பாக இருந்தது, நிறுத்தினாள். அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“இரும்பு மாத்திரைன்னு அவர் சொன்னாரா, நீ சொன்னியா?”

“நான் சொன்னேன் சார்.”

நாலு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் அது. இவ்வளவு சின்னதாக இருந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டு நம்பர் இருக்கிறதா என்றார். காகிதம் அவள் கையிலேயே இருந்தது, எப்போது எடுத்துக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை. அவரே மேஜைப் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, பேசு என்று அவளிடம் தள்ளினார்.

கோமு இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அவர் ஆஸ்பத்திரிக்கு வரலியா, நேத்தே கல்லிடைக்குறிச்சிக்குக் கல்யாண வேலைக்குப் போனாருல்லா என்றாள். இன்றைக்கு மறுவீட்டுச் சாப்பாடு, விடியுமுன்னே தேங்காய்ப்பால் பிழிந்து சொதியைக் கூட்டி வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு அங்கிருந்தே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாளாகவே தலை சுற்றுகிறது என்றாராம், அடுப்பு வெக்கை என்று நினைத்தாளாம். டாக்டர் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா அம்மா என்று நிதானமாகக் கேட்டார். தோள்வலிக்குக் கடையில் வாங்குகிற ஒரு சிவப்பு மாத்திரை, மாசிக் கல்யாணங்கள் தொடங்கியதிலிருந்து தினமும் ரெண்டு, சில நாள் மூணு என்றாள் கோமு. வலி மாத்திரை. புண் உள்ளவர்கள் தொடவே கூடாதது, புண்ணை ஆழமாகத் தோண்டி ரத்தம் கசிய வைப்பது. மாத்திரை சாப்பிடுதேன் சிஸ்டர். அவர் சொல்லியிருக்கிறார். கதவோரத்தில் நின்று, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். என்ன நிறம் அண்ணாச்சி என்று இன்னும் ஒரு கேள்வி. செருப்பில் அவர் இரண்டாவது காலை நுழைப்பதற்குள் கேட்டு முடித்திருக்கலாம்.

கல்யாண மண்டபத்து நம்பரைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எடுத்தவர் மேளச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார். ஏழு மணிக்கு அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து சரிந்துவிட்டாராம். சூட்டில் வந்த மயக்கம் என்று தூக்கிக்கொண்டுபோய், பொண்ணு வீட்டார் அறையில் பாயில் படுக்க வைத்து, ஃபேன் போட்டு, சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தூங்குகிறார், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். போன் அவர் பையில் அரிவாள்மனைக்கு அடியில் கிடந்திருக்கிறது. டாக்டர் குரலை உயர்த்தினார், அவர் குரல் உயர்ந்து ஹெப்சிபா கேட்பது இதுதான் முதல் தடவை. வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள், ஒரு காரில் படுக்கப் போட்டு இப்போதே இங்கே கொண்டுவாருங்கள், வழியில் சேரன்மகாதேவியில் வீட்டம்மாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு ரத்த வங்கிக்கு ஒரு போன், எண்டோஸ்கோபிக்கு ஒரு போன். ஹெப்சிபா அங்கேயே நின்றாள். போ, ஸ்ட்ரெச்சர் கீழே தயாரா நிக்கணும் என்றார் அவர், அவளைப் பார்க்காமல். கீழே போனாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடந்தாள். வீரவநல்லூர் வந்திருப்பார்கள். வந்திருக்க மாட்டார்கள். ரயில்வே கேட் அடைத்திருந்தால். பேட்டையில் லாரி மறித்து நின்றால். அப்பா ஹாரன் அடிக்காமல் காத்திருந்த பஸ் திடீரென்று ஞாபகம் வந்தது, அடிங்க, அடிங்க என்று அவள் வாய்க்குள் சொன்னாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். காவலாளி, உட்காருங்க மேடம் என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது.

பன்னிரண்டே காலுக்குப் பின்கண்ணாடியில் புதுமணத் தம்பதியின் பெயர் ஒட்டிய வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் கோமுவின் மடியில் தலையை வைத்துக் கிடந்தார். உதடும் நகமும் சுண்ணாம்பு மாதிரி. கையைப் பிடித்து நாடி பார்த்தாள், விரலுக்கடியில் அது நூல் போல ஓடியது, எண்ண முடியாத வேகத்தில். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி லிப்டுக்குள் தள்ளும்போது கண்ணைத் திறந்தார். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், குனிந்தாள்.

“வெறும் வயிறு இல்ல சிஸ்டர். விடியக்காலம் சொதி ஒரு வாய் ருசி பாத்துட்டேன். சொல்லாம இருக்கக் கூடாதுல்லா.”

மூன்றாம் மாடியில் லிப்டு திறந்ததும் அவரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. டாக்டர் குழாயை விட்டார். லூர்து அக்கா ஒரு மூலையைக் காட்ட, ஹெப்சிபா சுவரோடு ஒட்டி நின்று திரையைப் பார்த்தாள். ஈரச் சிவப்பில் குகை போன்ற வழி, அதில் காபித்தூள் நிறத்தில் பழைய ரத்தம், தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவப் புண் தெரிந்தது. அதன் நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு நாளம், ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சமாய்ப் பீச்சிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றி, பிறகு கம்பி முனையில் ஒரு சின்ன உலோகக் கவ்வியை அனுப்பி அதைக் கவ்வினார். முதலாவது வழுக்கியது. இரண்டாவது பிடித்தது. பீச்சல் நின்றது. இன்னும் ஒன்று போட்டார். திரையில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓரமெல்லாம் ஆறிட்டு வந்திருக்கு, நடுவுலதான் புதுசாத் தோண்டியிருக்கு என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். ஆறிக்கொண்டு வந்திருக்கிறது. மருந்து வேலை செய்திருக்கிறது, எந்த மருந்தோ. நாலு வாரத்துக்கு முன்னால் அவள் எவ்வளவு ஆசைப்பட்ட வாக்கியம், இப்போது அதை வாங்கி வைக்க அவளிடம் இடமே இல்லை. வெளியே வந்ததும் டாக்டர், எல்லாத்தையும் நடந்தபடியே எழுதிச் சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட கொடு, குழுவுக்கு நான் அனுப்பணும், அதுக்கப்புறம் இந்த வேலையில நீ இருக்கிறது என் கையில இல்லை என்றார். சரி சார் என்றாள். பயம் வரும் என்று நினைத்தாள். வந்ததும் பயம்தான், ஆனால் வேலையைப் பற்றியது இல்லை.

நினைவு தெளிகிற அறைக்கு வெளியே பெஞ்சில் கோமு உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான அம்மா, கழுத்தில் மஞ்சள் கயிறு, மடியில் அவருடைய பையும் கரி பிடித்த துண்டும். ரத்தம் நின்றுவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, மூன்று நாள் இங்கேயே வைத்துப் பார்ப்பார்கள் என்று ஹெப்சிபா சொன்னாள். கோமு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியாமல், சுவரைப் பார்த்து. பிறகு பையைத் தரையில் இறக்கி வைத்து, நகர்ந்து, ஹெப்சிபாவுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்ததும் மெல்லப் பேச ஆரம்பித்தாள். எல்லாம் தன் தப்புத்தான் என்றாள். கருப்பாகப் போகிறது என்று தன்னிடம்தான் முதலில் சொன்னாராம், ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தாளாம். வந்து, சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னுட்டாவ என்றாராம். அதோடு தானும் விட்டுவிட்டதாகவும், ஒரு வேளை அவர் இங்கே வெட்கப்பட்டுச் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டாரோ, தான் கூட வந்திருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பேனே என்றும் சொல்லிவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்தாள். ஹெப்சிபாவுக்கு ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும். அந்த அம்மா அந்தப் பாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் போய்விடுவாள், ஆயுசு முழுக்க வைத்துக்கொள்வாள், கொல்லைக் கல்லில் உட்கார்ந்திருந்த அப்பா மாதிரி, தன்னுடையது இல்லாத ஒரு தப்பை.

“இல்லம்மா. அவர் சரியாத்தான் சொன்னார். நான்தான் டாக்டர்கிட்ட சொல்லல.”

கோமுவுக்கு அது உடனே விளங்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அன்றைக்கே ரத்தம் சோதித்துக் குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள், அந்தச் சிவப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று ஹெப்சிபா சொன்னாள். கோமு பையை மெல்ல எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று ஹெப்சிபா எதிர்பார்த்தாள், அல்லது அழுவாள் என்று. கோமு துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அவரு உங்களை ரொம்ப நம்புதாரு. முழிச்சதும் நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்.”

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. தண்ணி கேக்காரு, இப்போ குடுக்கக் கூடாது, யாராவது கூட வந்து இருங்க என்று லூர்து அக்கா கதவைத் திறந்து சொன்னாள். கோமு எழுந்திருக்கவில்லை. ஹெப்சிபா எழுந்து உள்ளே போனாள்.